கார்டிலா, கருவியிலா? லினக்ஸ் போனில் சென்னை வரைபடம்

பைன்போன், லிப்ரம் 5, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பழைய ஒன்பிளஸ் என, ஆண்ட்ராய்டுக்குப் பதில் கணினி லினக்ஸ் ஓடும் எந்த லினக்ஸ் போனாக இருந்தாலும், அதை நம்பிச் சென்னையில் வண்டியைக் கிளப்புகிறவருக்கு இரண்டு கேள்விகள் வரும். வழி காட்ட எந்தச் செயலி? அது கேட்கும் வரைபடத்தை எங்கே வைப்பது? பலரும் முதல் கேள்வியைப் போன் வாங்கிய வாரத்திலும், இரண்டாவதைப் போன் நிரம்பித் திணறும் நாளிலும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே முடிவாகத்தான் படுகிறது. ஒரே கோப்பில் அடங்கிவிடும் வரைபடம் ஒரு மாதிரியான இடத்தைக் கேட்கும். பல பொதிகளாகப் பிரிந்து கிடக்கும் வரைபடம் வேறு மாதிரியான இடத்தைக் கேட்கும். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிச் சேமிப்பு முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது.

இந்தச் சங்கடம் புதிதும் அல்ல. 2009இல் வந்த நோக்கியா என்900 போனில் 32 ஜிபி இருந்தது, ஆனால் இயங்குதளம் குடியிருந்த பகுதி வெறும் 256 எம்பி. செயலிகள் வந்து அதை அடைத்துவிடாமலிருக்க, அவற்றின் கனமான பாகங்களைப் பெரிய நினைவகத்தில் இருந்த வேறொரு கோப்புறைக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு வழக்கமானது. 2013இன் ஜோலா போன் வேறு வகை. அதன் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, இடமில்லை என்று அடம்பிடிக்கும்; பார்த்தால் காலி இடம் இருக்கும். ஒதுக்கீட்டைச் சீராக்கும் கட்டளையை ஓட்டினால்தான் வழிக்கு வரும்.

இன்றைய கருவிகளின் கணக்கு இது. பைன்போன் 2 ஜிபி ரேமும் 16 ஜிபி உள்நினைவகமும் கொண்ட வடிவிலும், 3 ஜிபி, 32 ஜிபி கொண்ட வடிவிலும் வந்தது. லிப்ரம் 5இல் 3 ஜிபி ரேம், 32 ஜிபி நினைவகம். பைன்போன் ப்ரோவில் 128 ஜிபி. கடைசியாகச் சொன்னதை வைத்திருப்பவர்கள் சேமிப்பைப் பற்றிய பகுதியை மேலோட்டமாகப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு ஜிபியும் கணக்கில் வரும்.

இணையத்திலேயே பார்த்துக்கொண்டால் என்ன?

வரைபடத்தைச் சேமிக்கவே வேண்டாம், தேவைப்படும்போது இணையத்திலிருந்து வரட்டும் என்பது முதல் வாய்ப்பு. சேமிப்புச் செலவு ஏறக்குறைய இல்லை. இந்த வழிக்குப் பொருத்தமானது க்னோம் மேப்ஸ். போஷ் என்ற திரை முகப்பு உள்ள போன்களில் நன்றாகப் பொருந்தும், பார்க்க அழகாக இருக்கும். வழி கேட்டால் கிராஃப்ஹாப்பர் என்ற சேவையிடம் இணையம் வழியாகக் கேட்டுவந்து சொல்லும். ஆனால் அது வழியைக் காட்டுமே தவிர, கூடவே வந்து 'அடுத்த சிக்னலில் இடது' என்று குரல் கொடுக்காது. இரு சக்கர வண்டியில் போகிறவருக்கு அந்தக் குரல்தான் முக்கியம்.

உலாவியில் கூகுள் மேப்ஸைத் திறப்பது இன்னொரு வழி. சாலை நெரிசல் சிவப்பாகத் தெரியும். ஓஎம்ஆர் எப்படி இருக்கிறது, ஜிஎஸ்டி சாலை நகர்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல கருவி லினக்ஸ் போனில் இல்லை. ஆனால் குரலோடு கூடவே வரும் வழிகாட்டல் அவர்களுடைய செயலியில்தான் உண்டு, உலாவியில் இல்லை.

இணைய வரைபடத்துக்காக வாதாடுகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் நேரடி நெரிசல் நிலவரம். லினக்ஸுக்கு என்று இருக்கும் வழிகாட்டிச் செயலிகளில் சென்னையின் நெரிசல் நிலவரம் இணையத்தோடு இருந்தாலும் இயல்பாக வந்துவிடாது, இல்லாவிட்டாலும் வராது. ஆகவே ஆண்ட்ராய்டு போனில் இருப்பதைப் போல 'இணையமா, சேமிப்பா' என்று தராசில் நிறுத்த வேண்டிய அவசியம் இங்கே இல்லை. சேமித்த வரைபடத்துக்குப் போனால் இழப்பது சொற்பம்.

பெறுவது சொற்பமல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டின்போதும் மரமும் நீரும் சாலையை மறித்த அதே நேரத்தில் செல்போன் தொடர்பும் நகரின் பல பகுதிகளில் படுத்துவிட்டது. வழக்கமான சாலை மூடிக்கிடக்கும்போதுதான் மாற்று வழி தெரிய வேண்டும். அப்போது பார்த்து இணையம் இருக்காது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்துக் காட்டிய வரைபடம் ஒன்று, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மீதுதான் எழுந்தது. கீழே பேசப்போகும் செயலிகள் எல்லாவற்றுக்கும் மூலச்சரக்கு அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான். ஆகவே 'எந்த வரைபடம் சரியானது' என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. ஒரே சரக்கை யார் எப்படிக் கட்டித் தருகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

ப்யூர் மேப்ஸும் அதன் சேவகனும்

லினக்ஸ் போனில் வழிகாட்டி என்று நிமிர்ந்து சொல்லக்கூடியது ப்யூர் மேப்ஸ். செயில்ஃபிஷ், உபுண்டு டச் ஆகிய போன் இயங்குதளங்கள், மற்ற லினக்ஸ் போன்கள் என எங்கும் கிடைக்கிறது. திருப்பங்களைக் குரலில் சொல்லும், வழி தவறினால் மறுபடி கணக்கிடும், விரலுக்கு ஏற்ற பெரிய பொத்தான்கள் வைத்திருக்கும். தனியாக அது ஒரு முகம் மட்டும். வரைபடமும் தேடலும் வழிக்கணக்கும் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். இணையச் சேவைகளிடமும் கேட்கும். போனிலேயே பின்னணியில் ஓடும் ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வர் என்ற இன்னொரு மென்பொருளிடமும் கேட்கும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஏற்பாடு.

ஸ்கவுட் சர்வர் ஒரே சரக்கைப் பல துண்டுகளாகக் கேட்கிறது. திரையில் வரைவதற்கு ஒரு பொதி, முகவரி தேட ஒரு பொதி, வழிக்கணக்குக்கு வல்ஹல்லா என்ற இயந்திரத்தின் பொதி. இவை போக, எந்த நாட்டை எடுத்தாலும் கூடவே வரும் பொதுப் பொதிகள்: எழுத்துருக்கள், உலகின் மேலோட்டமான படம், முகவரியைப் பிரித்துப் படிக்கும் லிப்போஸ்டலின் தரவு. ஆர்கானிக் மேப்ஸோடு ஒப்பிட்டால் இடச்செலவு கண்ணை உறுத்தும். லிப்போஸ்டலுக்கு ரேம் பசியும் உண்டு. 2 ஜிபி பைன்போனில் தேடத் தொடங்கியதும் போன் ஒரு கணம் மூச்சு வாங்குவது இதனால்தான்.

அப்படியும் என் ஓட்டு இதற்கே. காரணம் வழிக்கணக்கின் தரம். வல்ஹல்லாவில் காருக்கு ஒரு கணக்கு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கணக்கு, ஸ்கூட்டருக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே உண்டு. அதோடு, ஜிபிஎஸ் தரும் புள்ளியை அருகிலுள்ள சாலையோடு பொருத்திப் பார்க்கும் வசதியை ஸ்கவுட் சர்வர் ப்யூர் மேப்ஸுக்குத் தருகிறது. அண்ணா சாலையில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளி பக்கத்துக் கடைக்குள் போய் நிற்கும்போதும், நாம் சாலையில்தான் இருக்கிறோம் என்று செயலி புரிந்துகொள்ளும். மேம்பாலத்தில் இந்தப் பொருத்தல் ஏமாறும். கத்திப்பாராவில் மேலே போகிறோமா, கீழே அணுகுசாலையில் போகிறோமா என்று எந்த ஜிபிஎஸ் செயலியும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அங்கே பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

ஆர்கானிக் மேப்ஸ்

மேப்ஸ்.மீ செயலியிலிருந்து கிளைத்தது இது. 2025இல் இதிலிருந்தும் கோமேப்ஸ் என்று ஒன்று கிளைத்தது. அந்தக் குடும்பச் சண்டைக்குள் இங்கே போக வேண்டாம். ஒரு பகுதிக்கு ஒரே கோப்பு. படம், தேடல், வழி எல்லாம் அந்த ஒன்றுக்குள். தமிழ்நாட்டை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். கேரளம் போகும்போது கேரளம். சேமிப்பின் கோணத்திலிருந்து மட்டும் தீர்ப்பு எழுதினால் இதோடு கட்டுரையை முடித்துவிடலாம்.

ஆண்ட்ராய்டில் இது மிக நல்ல செயலி. லினக்ஸில் கிடைப்பது அதன் கணினி வடிவம். பல வசதிகள் அதில் இல்லை என்று அதை உருவாக்குகிறவர்களே சொல்கிறார்கள். பட்டியல்களும் பெட்டிகளும் சுட்டியை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ஏறக்குறைய ஆறு அங்குலத் திரையில் விரலால் குத்த வேண்டிவரும். வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவதற்கு இது வேண்டாம். நடக்கிறவருக்கும் மெட்ரோவில் போகிறவருக்கும் பொருந்தும். கார், நடை, மிதிவண்டி ஆகியவற்றோடு மெட்ரோவுக்கும் இதில் வழிக்கணக்கு உண்டு. மாநகரப் பேருந்துக்கு இல்லை. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியோ ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் மட்டுமே. லினக்ஸ் போன்காரர் நிறுத்தத்தில் நின்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியதுதான்.

மற்ற இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடலாம். நாவிட் பழுத்த அனுபவசாலி, என்900 காலத்திலிருந்து இருக்கிறது, பலவீனமான கருவியிலும் ஓடும். ஆனால் அமைப்பதென்றால் நீண்ட எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அதில் மகிழ்ச்சி அடைகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. வேடிராய்டு மூலம் ஆண்ட்ராய்டையே உள்ளே ஓட்டி அதில் வழிகாட்டிச் செயலியைப் போடுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு முழு ஆண்ட்ராய்டுக்கான இடத்தைக் கொடுத்தாக வேண்டும், ரேமையும் பகிர வேண்டும், இவ்வளவுக்கும் பிறகு போனின் ஜிபிஎஸ் இருப்பிடம் இயல்பாக உள்ளே போய்ச் சேராது. இருப்பிடம் தெரியாத வழிகாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழைய எண், புதிய எண்

சென்னையில் எந்தச் செயலியும் தடுமாறும் இடம் முகவரித் தேடல். ஒரே வீட்டுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும். அழைப்பிதழில் ஒன்று, கதவில் இன்னொன்று. முதல் பிரதான சாலை, இரண்டாவது குறுக்குத் தெரு என்ற பெயர்கள் அடையாறிலும் உண்டு, அண்ணா நகரிலும் உண்டு, புறநகரில் புதிதாக முளைத்த ஒவ்வொரு நகரிலும் உண்டு. காந்தி நகர்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் பொழுது போய்விடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் தெருக்கள் நன்றாகவே இருக்கின்றன. வீட்டு எண்கள்தான் அபூர்வம்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. திருவான்மியூரைத் தொடங்கும்போது 'எச்' உண்டா இல்லையா, தண்டையார்பேட்டையில் எத்தனை 'டி' என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம். ஆர்கானிக் மேப்ஸின் தேடல் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். ஓரிரு எழுத்து மாறினாலும் ஊகித்து எடுத்துவரும். ஸ்கவுட் சர்வரின் தேடல் வரைபடத்தில் பதிந்துள்ள எழுத்துக்கூட்டலின் தொடக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கும். தேடல் என்ற ஒரு வட்டத்துக்குள் மட்டும் ஆர்கானிக் மேப்ஸ் தெளிவாக முன்னே நிற்கிறது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையோ, இடத்தைச் சில எழுத்துகளில் சொல்லும் பிளஸ் குறியீட்டையோ அதன் தேடல் பெட்டியில் ஒட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். கல்யாண மண்டபத்தின் இருப்பிடத்தை யாராவது அனுப்பிவைக்கும்போது இது கைகொடுக்கும்.

ப்யூர் மேப்ஸில் இதைச் சமாளிக்கும் வழி, வீட்டு எண்ணைத் தேடாமல் அடையாளத்தைத் தேடுவது: கோயில், பள்ளிக்கூடம், தெப்பக்குளம், பேருந்து நிலையம். ஆட்டோக்காரரிடம் எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் இதனிடமும் சொல்ல வேண்டும். அடிக்கடி போகும் இடங்களைப் பிடித்தவை பட்டியலில் சேமித்துவிட்டால் தேடலின் தொல்லையே இல்லை.

வரைபடம் எவ்வளவு புதியது என்பதும் நம் ஊரில் சாதாரண விஷயம் அல்ல. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக 118.9 கிலோமீட்டருக்கு மூன்று வழித்தடங்களில் வேலை நடக்கிறது. ஆற்காடு சாலை, லஸ், புரசைவாக்கம் நெடுஞ்சாலை என்று பல இடங்களில் ஒருவழிப் பாதைகள் தலைகீழாயின, திரும்பும் இடங்கள் மூடின. இறக்கி வைத்த பொதி அது கட்டப்பட்ட நாளின் சென்னையைத்தான் காட்டும். ஆர்கானிக் மேப்ஸ் ஏறக்குறைய மாதம் ஒருமுறை புதிய பொதிகளை வெளியிடுகிறது. புதியது இறங்கி முடியும்வரை பழையதும் இருக்கும் என்பதால், உங்களிடம் உள்ள மிகப் பெரிய பொதியின் அளவுக்காவது காலி இடம் எப்போதும் வேண்டும். முழுக்க நிரப்பி வைத்த மெமரி கார்டில் வரைபடத்தைப் புதுப்பிக்க முடியாது.

சரக்கை எங்கே இறக்குவது

மூன்று ஏற்பாடுகள் சாத்தியம். ஒன்று, எல்லாம் உள்நினைவகத்தில்; இரண்டு, இயங்குதளம் உட்பட எல்லாம் கார்டில்; மூன்று, இயங்குதளமும் செயலிகளும் உள்ளே, வரைபடம் மட்டும் கார்டில்.

நடுவில் உள்ளதை முதலில் தள்ளிவிடலாம். பைன்போன் கார்டில் இயங்குதளம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கும். புதிய இயங்குதளங்களை ருசி பார்க்க அருமையான வசதி. ஆனால் தினசரிப் பயன்பாட்டில் ஓயாத சின்னச் சின்ன எழுத்துவேலை கார்டை மெதுவாக்கும், தேய்க்கவும் செய்யும். ஒரு நாள் தொடங்காமல் நிற்பது கோயம்பேட்டில் நிற்கும் நாளாகவும் இருக்கலாம்.

எல்லாம் உள்ளே என்பது 128 ஜிபிக்காரர்களுக்குச் சரி. 32 ஜிபியில் ஆர்கானிக் மேப்ஸும் தமிழ்நாடும் மட்டும் என்றால் தாராளமாகச் சரி. ஸ்கவுட் சர்வரை 16 ஜிபியில் உள்ளே வைப்பது மட்டும் வேண்டாம். மூன்றாவது ஏற்பாடு 16 ஜிபிக்காரர்களுக்குத்தான். வரைபடத்தை ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை படிக்கிறோம். கார்டுக்கு இதைவிட இதமான வேலை கிடையாது.

கார்டு வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். வரைபடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு துண்டாகப் படிக்கப்படுகிறது. அதற்கான அளவுகோல் ஏ1, ஏ2 என்ற குறி. ஏ1 என்றால் இத்தகைய படிப்பு நொடிக்கு 1,500 முறையாவது நடக்கும் என்று பொருள். அது போதும். ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் எஃப்3 என்ற சிறு மென்பொருளால் கார்டை முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துவிடுங்கள். 128 என்று சொல்லிக்கொண்டு உள்ளே 16 மட்டும் வைத்திருக்கும் போலிகள் இதில் மாட்டும். வரைபடம் நிரப்பிய பிறகு கண்டுபிடித்தால் இறக்கிய நேரமும் டேட்டாவும் வீண்.

கோப்பு முறைமைக்கு வருவோம். கடையில் வாங்கும் கார்டு எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் வரும். எஃப்ஏடி32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை; லினக்ஸ் கருவில் (கெர்னலில்) அதற்கான முறையான ஆதரவு 2020இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. கார்டைக் கழற்றி விண்டோஸ் கணினியிலும் செருகுவேன் என்பவருக்கு எக்ஸ்ஃபேட். மற்ற எல்லோருக்கும் லினக்ஸின் வழக்கமான முறைமையான எக்ஸ்ட்4. காரணம், பேட்டரி திடீரென்று தீர்ந்து போன் அணைந்தால் எக்ஸ்ட்4 தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பைன்போனில் வழிகாட்டியும் மோடமும் திரையும் சேர்ந்து ஓடும்போது பேட்டரி தீர்வது அரிதான நிகழ்வு அல்ல.

எக்ஸ்ட்4இல் இரண்டு நுணுக்கங்கள். அது வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கிவைக்கும். 128 ஜிபி கார்டில் இது சுமார் 6 ஜிபி. வரைபடக் கார்டில் இந்த ஒதுக்கீட்டால் ஒரு பயனும் இல்லை, பூச்சியமாக்கிவிடலாம். இரண்டாவது, கோப்புகளின் உரிமை எண். மடிக்கணினியில் உங்கள் கணக்கின் எண் பெரும்பாலும் 1000. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தன் பயனருக்கு 10000 என்ற எண்ணைத் தருகிறது. மடிக்கணினியில் நிரப்பிய கார்டைப் போனில் செருகியதும் 'எழுத அனுமதி இல்லை' என்று வந்தால் கார்டு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். உரிமையாளரை மாற்றும் ஒரு கட்டளை போதும்.

கார்டைப் போன் எங்கே இணைக்கிறது என்பதையும் நிலைப்படுத்த வேண்டும். தானாக இணைவதை நம்பினால் அது நீங்கள் உள்நுழைந்த பிறகுதான் இணையும். பாதையும் கார்டின் பெயரைப் பொறுத்து மாறும். அதற்குள் ஸ்கவுட் சர்வர் எழுந்து, வரைபடத்தைக் காணோம் என்று சொல்லிவிடும். இணைப்புப் பட்டியல் கோப்பில் (fstab) கார்டின் தனி அடையாள எண்ணைக் கொடுத்து, மாறாத ஒரு பாதையில் இணைக்கச் சொல்லுங்கள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற விருப்பத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லையென்றால், கார்டைக் கழற்றி வைத்த நாளில் போன் தொடங்கும்போதே அதற்காகக் காத்துக் கிடந்து, கடைசியில் அவசரநிலைத் திரையில் போய் நிற்கும்.

பிளாட்பேக் போடும் வேலி

ப்யூர் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் பிளாட்ஹப் என்ற செயலிக் கிடங்கில் கிடைக்கின்றன, பெரும்பாலோர் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். அங்கே செயலிகள் வரும் பொதிமுறையான பிளாட்பேக், செயலியைச் சுற்றி வேலி போடுகிறது. அனுமதித்த கோப்புறைகளைத் தாண்டி அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே வழக்கமான தந்திரம், அதாவது தரவுக் கோப்புறையைக் கார்டுக்கு நகர்த்திப் பழைய இடத்தில் ஒரு குறியீட்டு இணைப்பை வைப்பது, இங்கே பலிக்காது. இணைப்பு வேலிக்கு வெளியே உள்ள இடத்தைச் சுட்டும். செயலி அங்கே வெறுமையைத்தான் பார்க்கும். ஃபிளாட்சீல் என்ற செயலியில் கார்டின் பாதைக்கு அனுமதி கொடுப்பது ஒரு தீர்வு. கார்டிலுள்ள கோப்புறையை, செயலி எதிர்பார்க்கும் அதே இடத்தின் மீது பைண்ட் மவுன்ட் செய்வது, அதாவது அந்தப் பாதையிலும் தெரியும்படி இணைப்பது, இன்னொன்று. ஸ்கவுட் சர்வருக்கு அதன் அமைப்புகளிலேயே தரவுக் கோப்புறையை மாற்ற முடியும் என்பதால் அனுமதி ஒன்றே போதும். ஆர்கானிக் மேப்ஸுக்கு நான் பைண்ட் மவுன்டையே பரிந்துரைப்பேன்.

பிளாட்பேக்கின் உண்மையான இடச்செலவு செயலியில் இல்லை, அதன் அடியில் வரும் அடித்தளத்தில் இருக்கிறது. ப்யூர் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் கேடிஇ என்ற நிரல் அடித்தளத்தைக் கேட்பவை. இரண்டும் ஒரே பதிப்பைக் கேட்டால் ஒரு பிரதியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று பழைய பதிப்பில் தங்கிவிட்டால் இரண்டு பிரதிகள் உட்காரும். புதுப்பித்த பிறகு யாருக்கும் வேண்டாத பழைய அடித்தளங்களும் அங்கேயே கிடக்கும்; பயனற்றவற்றை நீக்கும் கட்டளையை அவ்வப்போது ஓட்டுங்கள். மோபியன் போன்ற டெபியன் வழி வந்த இயங்குதளத்தில் செயலி நேரடிப் பொதியாகக் கிடைத்தால், 16 ஜிபிக்காரர்கள் அதையே எடுப்பது நல்லது.

வரைபடத்தின் மீது பழி விழும் இன்னொரு இடம், போன் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் பதிவேடு. பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள இயங்குதளங்களில் அதன் பதிவேடு, கோப்பு முறைமையின் பத்தில் ஒரு பங்கு வரை வளரலாம். உச்சவரம்பு 4 ஜிபி. 16 ஜிபி போனில் அது ஒன்றரை ஜிபிக்கு மேல். 100 எம்பி என்று வரம்பு வைத்தாலே ஒரு மாநில வரைபடத்துக்கான இடம் கிடைத்துவிடும்.

புள்ளி எங்கே?

எந்தச் செயலியானாலும் ஜிபிஎஸ் பிடிக்காவிட்டால் பயனில்லை. செயற்கைக்கோள் தன் துல்லியமான சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. இடையில் தொடர்பு அறுந்தால் மறுசுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். சவுகார்பேட்டைச் சந்தில் நின்று புதிதாகப் பிடிக்க வைத்தால் நெடுநேரம் ஆகலாம். கிளம்பும் இடத்தில், வானம் தெரியும்படி வைத்து முதலில் பிடிக்கவிடுங்கள். முன்பு சுற்றியுள்ள வைஃபை, செல்போன் கோபுரங்களை வைத்துத் தோராயமான இடத்தைச் சொல்ல மொஸில்லாவின் இருப்பிடச் சேவை உதவியது. 2024இல் அது மூடப்பட்டது. பழைய இயங்குதளப் பதிப்பை வைத்துக்கொண்டு 'இருப்பிடம் வரவே மாட்டேன் என்கிறது' என்று திகைப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பைன்போனில் ஜிபிஎஸ் மோடத்துக்குள் இருக்கிறது. பின்மூடிக்கு அடியில் உள்ள சிறு சுவிட்சில் மோடத்தை அணைத்திருந்தால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும். லிப்ரம் 5இல் அதற்குத் தனிச் சில்லு உண்டு. ஆனால் பக்கவாட்டு சுவிட்சுகள் மூன்றையும் அணைத்தால் அதுவும் தூங்கிவிடும்.

போன் வாங்காமல் இன்னும் யோசிப்பவர்களுக்கு

மேலே சொன்னதை வைத்தால் 16 ஜிபி பைன்போனுக்கு என் தேர்வு: வண்டி ஓட்டுகிறவர் என்றால் ப்யூர் மேப்ஸ், ஸ்கவுட் சர்வர், எக்ஸ்ட்4 கார்டு; நடக்கிறவர் என்றால் ஆர்கானிக் மேப்ஸ், தமிழ்நாடு, கார்டே வேண்டாம். இரண்டு செயலிகளையும் அதில் அடுக்க வேண்டாம். 32 ஜிபியில் கார்டும் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஆர்கானிக் மேப்ஸில் தேடி ப்யூர் மேப்ஸில் ஓட்டலாம்; கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் வேலை நடக்கிறது.

இந்தியாவில் பைன்போனை வரவழைப்பதைவிட, 2018இல் இங்கேயே விற்ற ஒன்பிளஸ் 6 அல்லது போக்கோ எஃப்1 போனைப் பழையதாக வாங்கி போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஏற்றுவது பலருக்கு எளிது. வேகத்தில் பைன்போன் இவற்றின் அருகில் வராது. வாங்குமுன் அந்த இயங்குதளத்தின் விக்கியில் உங்கள் மாதிரிக்கான பக்கத்தைத் திறந்து ஜிபிஎஸ், அழைப்பு ஆகிய வரிகளைப் படித்துவிடுங்கள். ஜியோவில் 2ஜியும் 3ஜியும் கிடையாது என்பதால், 4ஜி வழி அழைப்பு வேலை செய்யாத போனில் அந்த சிம் பேசப் பயன்படாது, டேட்டாவுக்கு மட்டும்தான்.

ஒன்பிளஸ் 6இல் கார்டு போடும் வசதி இல்லை. ஆகவே அதில் 64 ஜிபி வடிவை விட்டுவிட்டு 128 ஜிபியோ அதற்கு மேலோ தேடுங்கள். எல்லாம் உள்ளேயே இருக்கும், மேலே சொன்ன கார்டு வேலை ஒன்றும் வேண்டாம். போக்கோ எஃப்1இல் கார்டு போடலாம், ஆனால் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே குழி. இரண்டு எண் வைத்திருப்பவர் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 64 ஜிபி போக்கோவில் ஆர்கானிக் மேப்ஸ் என்றால் கார்டை விடுங்கள், ஸ்கவுட் சர்வரோடு தென் மாநிலங்கள் எல்லாம் வேண்டும் என்றால் இரண்டாவது சிம்மை விடுங்கள்.